நம்பிக்கையும் மருந்தும்: இரத்த அழுத்த நோயாளர் அறிய வேண்டுவன

உயர் இரத்த அழுத்தத்தை நம் மக்கள் ‘இரத்தக் கொதிப்பு’ என்றே வழங்கி வருகின்றனர். இப்பெயரே ஒரு தவறான எண்ணத்திற்கு வித்திடுகிறது. கொதிப்பு என்பது சினமும் பதற்றமும் எனக் கொண்டு, மனம் அமைதியுற்றதும் மாத்திரையை நிறுத்துவோர் பலர். ஆனால் அளவு 140/90 அல்லது அதற்கு மேல் தொடர்ந்து நிற்பதே இந்நோய். சாந்தமே உருவானவர்க்கும் இது வருவதுண்டு.

மருந்து உண்பதைத் தடுக்கும் நம்பிக்கைகள் சிலவற்றை இங்கு ஆராய்வோம்.

1. “தலைவலி இல்லை, ஆகவே அழுத்தம் இல்லை.”

அமெரிக்காவில் மேயர், லெவந்தால், கட்மன் ஆகியோர் 1985இல் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். அழுத்தம் உயர்வதை ஒருவரால் உணர இயலாது என்று நோயாளருள் பெரும்பாலோர் ஒப்புக்கொண்டனர். எனினும், தம்மால் மட்டும் உணர முடியும் என்றே அவர்களுள் மிகப் பலர் நம்பினர்! இந்நோய் பெரும்பாலும் அறிகுறியின்றியே இருந்து, பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ வெளிப்படும். கருவியால் அளந்தே அறிதல் வேண்டும்.

2. “அளவு சரியாகிவிட்டது; இனி மருந்து எதற்கு?”

அளவு சரியாக இருப்பது மருந்தின் பயனே. நிறுத்தினால் பெரும்பாலும் மீண்டும் உயரும். குளோனிடின், அட்டினோலால் போன்றவற்றைத் திடீரென நிறுத்துவது பேரிடருக்கும் இடமாகும்.

3. “நாள்தோறும் உண்டால் சிறுநீரகம் கெடும்.”

கட்டுப்படாத அழுத்தமே சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. இங்கிலாந்தில் ஹார்ன், வைன்மன் இருவரும் நீடித்த நோயுடையார் 324 பேரை ஆராய்ந்து 1999இல் வெளியிட்ட முடிவு கருதத்தக்கது. மருந்தின் தேவையை உணர்ந்தோர் ஒழுங்காக உண்டனர்; அதன் தீங்கை எண்ணி அஞ்சியோர் குறைத்து உண்டனர். அச்சத்திற்குச் சிறிது காரணமும் உண்டு. அம்லோடிபின் சிலர்க்குக் கால்வீக்கமும், எனலாப்ரில் சிலர்க்கு வறட்டிருமலும் தரும். அதற்கு வழி மருத்துவரிடம் கூறி வேறு மருந்து பெறுவதே, மறைவாக நிறுத்துவதன்று.

4. “நோன்புக்கு மருந்து இடையூறு.”

இரவுண்ணாமை பூண்ட நம்மவர் சிலர் இரவு மாத்திரையை விட்டுவிடுகின்றனர். பிரிட்டனில் 21,104 பேரைக் கொண்டு நடந்து, 2022இல் வெளிவந்த ஆய்வு, அழுத்த மாத்திரையைக் காலையில் உண்டாலும் மாலையில் உண்டாலும் இதயத்திற்குக் கிட்டும் காப்பில் வேறுபாடு இல்லை எனக் கண்டது. ஆகவே நம் விரதத்தை மருத்துவரிடம் எடுத்துரைத்தால், நாளொன்றுக்கு ஒருவேளை உண்ணும் மாத்திரையைப் பகலுக்கு மாற்றித் தருதல் பெரும்பாலும் இயலும். கூட்டுமாத்திரையின் உறை விலங்குப் பொருளாலான ஜெலட்டினாக இருக்கலாம் என ஐயுறுவோர், அம்மருந்தே உறையில்லா மாத்திரையாகக் கிடைக்குமா எனக் கேட்கலாம். தசலட்சண பருவத்தில் நீரும் அருந்தாது உபவாசம் இருப்போர், சிறப்பாகச் சிறுநீர்ப்பெருக்கி மருந்து உண்போர், முன்னதாகவே மருத்துவரைக் கலந்துகொள்ளல் இன்றியமையாதது.

இல்லத்துப் பெரியோர் மாத்திரையை மறுக்கும்போது கடிந்துகொள்ளுதல் பயன் தராது. அவர்கள் உள்ளத்தில் என்ன கருதுகிறார்கள் என்று முதலில் வினவுவோம். ஐயம் இன்னதெனத் தெரிந்தால் விடையும் எளிதாகும். அடுத்த முறை மருத்துவரிடம் செல்லும்போது, மாத்திரைகளோடு அந்த ஐயங்களையும் எழுதி எடுத்துச் செல்வோமாக.