நடையளவியலும் தமிழில் எண்ணுதற்குரிய அலகும்: ஃபெடரலிஸ்ட் கட்டுரைகள் பற்றிய புள்ளியியல் ஆய்வை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஆசிரியர் பெயர் ஐயத்திற்குரியதாக உள்ள நூல்களை ஆராய்வதற்குப் புள்ளியியலும் கணினியியலும் வகுத்த முறை நடையளவியல் எனப்படும். ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளின் ஆசிரியரைத் துணிய பிரெடரிக் மாஸ்டெல்லரும் டேவிட் வாலஸும் 1964-இல் வெளியிட்ட ஆய்வு இத்துறைக்கு அடித்தளமாக விளங்குகிறது. அம்முறையின் இன்றியமையாக் கூறுகளை இக்கட்டுரை விளக்கி, அதனைத் தமிழ் நூல்களுக்குப் பொருத்துங்கால் முதலில் தீர்க்கப்பட வேண்டியது எதனை எண்ணுவது என்னும் இலக்கண வினாவே என்பதை நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: நடையளவியல், இடைச்சொல், உம்மை, நிகழ்தகவு, ஆசிரியர் துணிபு, ஆசிரியப்பா.

முன்னுரை

ஒரு நூலை இயற்றியவர் யார் என்னும் வினா தமிழாய்வில் புதியதன்று. ஒரே பெயர் தாங்கிய புலவர் பலர், புனைபெயரில் எழுதப்பட்ட இதழ்க் கட்டுரைகள், இடைச்செருகல் என ஐயுறப்படும் பாடல்கள் ஆகியன இவ்வினாவைத் தொடர்ந்து எழுப்பி வந்துள்ளன. மொழிவழக்கு, பாடுபொருள், வரலாற்றுக் குறிப்பு, உரைமரபு ஆகிய சான்றுகளைக் கொண்டே அறிஞர் விடை கண்டனர். நூல்கள் மின்வடிவம் பெற்றபின் எண்ணிக்கை சார்ந்த சான்றும் இவற்றுடன் சேரத் தொடங்கியுள்ளது. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் போன்ற முயற்சிகளால் பெருந்தொகையான நூல்கள் இன்று கணினிக்கு எளிதில் கிட்டுகின்றன. எண்ணுவது எளிதாகிவிட்ட இந்நிலையில், எண்ணியது எதற்குச் சான்றாகும் என்பதை வரையறுக்கும் பொறுப்பு மிகுகிறது. அவ்வரையறையை ஒரு புகழ்பெற்ற ஆய்வின் துணைகொண்டு காண்பது இக்கட்டுரையின் நோக்கம்.

ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளும் ஆசிரியர் வழக்கும்

அமெரிக்க அரசியலமைப்பை ஏற்குமாறு நியூயார்க் மாநில மக்களை வேண்டி 1787, 1788 ஆம் ஆண்டுகளில் 85 கட்டுரைகள் வெளிவந்தன. அனைத்தும் 'பப்ளியஸ்' என்னும் புனைபெயரைத் தாங்கியிருந்தன. அலெக்சாண்டர் ஹாமில்டன், ஜேம்ஸ் மேடிசன், ஜான் ஜே ஆகிய மூவரும் அவற்றை எழுதினர். ஹாமில்டன் 1804-இல் இறந்தபின் அவர் விட்டுச்சென்ற பட்டியலும், மேடிசன் பின்னர்த் தந்த பட்டியலும் ஒன்றோடொன்று முரண்பட்டன. மாஸ்டெல்லரும் வாலஸும் கொண்ட பகுப்பின்படி, ஹாமில்டனுக்கு உரியவை 51. மேடிசனுக்கு உரியவை 14. ஜேக்கு உரியவை 5. ஹாமில்டனும் மேடிசனும் கூட்டாக எழுதியவை 3. இருவரும் உரிமை கோரியவை 12. இப்பன்னிரண்டே ஆய்வுப் பொருளாயின.

இவ்வழக்கில் வினா தெளிவாக வரையறுக்கப்பட்டிருந்தது. எழுதியவர் இருவருள் ஒருவரே. இருவரும் ஒரே காலத்தவர். ஒரே பொருள் பற்றி, ஒரே இலக்கிய வகையில், ஒரே வாசகருக்காக எழுதியவர்கள். ஒப்பிடுதற்கு இருவரின் ஐயமற்ற எழுத்துகளும் போதிய அளவில் கிடைத்தன. இந்நிலைமைகளே அவ்வாய்வின் வெற்றிக்கு முதற்காரணம் என்பதைத் தமிழ்ச் சூழலுக்கு வரும்பொழுது நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

பயன்படாத அளவையும் பயன்பட்ட சொற்களும்

மாஸ்டெல்லர் 1941-இலேயே பிரெடரிக் வில்லியம்ஸுடன் இணைந்து தொடர்களின் நீளத்தை அளந்து பார்த்தார். ஹாமில்டனின் தொடர் சராசரியாக 34.55 சொற்களையும், மேடிசனின் தொடர் 34.59 சொற்களையும் கொண்டிருந்தன. இருவரையும் பிரித்தறிய இவ்வளவை உதவவில்லை. அளத்தற்கு எளிது என்பதனாலேயே ஓர் அளவை நடையைக் காட்டிவிடாது என்பதற்கு இது தக்க சான்று.

டக்ளஸ் அடேர் என்னும் வரலாற்றறிஞர் சுட்டிய ஒரு குறிப்பு புதிய வழியைத் திறந்தது. ஒரே பொருளுக்கு ஹாமில்டன் 'வைல்' என்னும் சொல்லையும் மேடிசன் 'வைல்ஸ்ட்' என்னும் சொல்லையும் ஆண்டனர். ஆயினும் இச்சொற்கள் அரிதாகவே வருவதால், ஐயத்திற்குரிய கட்டுரைகள் அனைத்திற்கும் அவை பயன்படவில்லை. எனவே பொருளோடு தொடர்பு குறைந்த, எழுதுவோர் கருதாமலே கையாளும் சிறு சொற்களை ஆய்வாளர் நாடினர். 'அப்பான்' என்னும் முன்னிடைச்சொல் ஹாமில்டனிடம் ஆயிரம் சொற்களுக்கு ஏறத்தாழ 3 முறை வருகிறது. மேடிசனிடம் ஏறத்தாழ 0.2 முறையே வருகிறது. இவ்வாறு தெரிந்தெடுத்த 30 சொற்களே இறுதி ஆய்வுக்கு அடிப்படையாயின. 'போர்' போன்ற பொருள்சார் சொற்கள் விலக்கப்பட்டன. போர் பற்றிய கட்டுரையில் அச்சொல் மிகுவது ஆசிரியரின் இயல்பைக் காட்டாது. தலைப்பின் தேவையையே காட்டும்.

நிகழ்தகவின் செயற்பாடு

எண்ணிக்கை எவ்வாறு சான்றாகிறது என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம். 2000 சொற்கள் கொண்ட கட்டுரை ஒன்றில் 'அப்பான்' ஒருமுறையும் வரவில்லை எனக் கொள்வோம். ஹாமில்டன் எழுதியிருப்பின் அச்சொல் 6 முறை எதிர்பார்க்கத் தக்கது. பாய்சான் பரவலின்படி அது அறவே வாராதிருப்பதன் நிகழ்தகவு ஏறத்தாழ 0.0025 ஆகும். மேடிசன் எழுதியிருப்பின் எதிர்பார்ப்பு 0.4 முறை, வாராதிருப்பதன் நிகழ்தகவு ஏறத்தாழ 0.67. இரண்டிற்குமான விகிதம் ஏறத்தாழ 270. அதாவது அச்சொல்லின் இன்மை மேடிசன் பக்கம் 270 மடங்கு சாய்கிறது. பேயிசின் தேற்றம், ஆய்வுக்கு முன்னிருந்த சாய்வை இவ்விகிதத்தால் பெருக்கிப் புதிய சாய்வைத் தருகிறது. சொற்கள் ஒன்றையொன்று சாராது வருமெனின் பல சொற்களின் விகிதங்களையும் தொடர்ந்து பெருக்கலாம்.

மாஸ்டெல்லரும் வாலஸும் இவ்வெளிய கணக்கோடு நிறைவு கொள்ளவில்லை. ஒரு சொல் வந்த இடத்தை ஒட்டி அதுவே மீண்டும் வருதல் இயல்பு. ஆதலால் உண்மையான சிதறல் பாய்சான் பரவல் கூறுவதினும் மிகுதி. இதனைக் கருதி எதிர்ம ஈருறுப்புப் பரவலைக் கையாண்டனர். அப்பரவல் சான்றின் வலிமையைக் குறைத்தே மதிப்பிடுகிறது. எனினும் பன்னிரண்டு கட்டுரைகளும் மேடிசனுக்கே உரியன என்னும் முடிவு நிலைபெற்றது. 55 ஆம் கட்டுரைக்கான சான்று மட்டும் ஏனையவற்றினும் மெலிந்திருந்தது. முடிவோடு அதன் வலிமையையும் கட்டுரைதோறும் எண்ணால் தெரிவித்தமை இவ்வாய்வின் சிறப்பு.

தமிழில் எண்ணுதற்குரிய அலகு

ஆங்கிலத்தில் இடைவெளியால் பிரிந்து நிற்பதைச் சொல் எனக் கொண்டு எண்ணத் தொடங்கலாம். தமிழில் அவ்வழி பொருந்தாது. ஆங்கிலத்தின் சிறு சொற்கள் ஆற்றும் பணியைத் தமிழில் பெரும்பாலும் இடைச்சொற்கள் ஆற்றுகின்றன. அவை தாமாகத் தனித்து இயங்காமல் பெயரையும் வினையையும் சார்ந்தே வரும் எனத் தொல்காப்பிய இடையியல் வரையறுக்கிறது. சாரியை, காலங்காட்டும் உருபு, வேற்றுமை உருபு, அசைநிலை, இசைநிறை, தத்தம் குறிப்பால் பொருள் உணர்த்துவன, உவம உருபு என எழுவகையாக அவற்றைப் பகுக்கிறது. நடையளவியல் தேடும் சொற்களை ஓர் இலக்கண வகையாகத் தமிழ் முன்னரே வகுத்து வைத்துள்ளது என்பது இங்குக் கருதத்தக்கது.

உம்மையை எடுத்துக்கொண்டால் சிக்கல் தெளிவாகும். 'உம்' என்னும் ஈற்றைக் கணினி எழுத்தளவில் தேடினால் 'மரமும்', 'வரும்', 'பெரும்', 'மீண்டும்' ஆகிய அனைத்தும் ஒரே கணக்கில் சேரும். இவற்றுள் முதலாவது மட்டுமே உம்மை இடைச்சொல் ஏற்ற பெயர். 'வரும்' என்பது செய்யும் என்னும் வாய்பாட்டு வினை. 'பெரும்' என்பது பண்படியின் திரிபு. 'மீண்டும்' இன்று ஒரு சொல்லாய் நின்ற வினையடை. பெயரோடு நிற்கும் உம்மையிலும் எண், முற்று, சிறப்பு, எச்சம் எனப் பொருள் வேறுபாடு உண்டு. எண்ணும்மையை அடுக்கும் ஆசிரியர் வேறு. சிறப்பும்மையால் அழுத்தம் தருபவர் வேறு. இவ்விரண்டையும் ஒரே எண்ணாகச் சுருக்கினால் நடையைப் பிரித்தறியும் கூறே அழிந்துவிடும்.

உரைநடையில் மாற்றுவடிவங்களின் தேர்வும் தக்க அளவையாகும். 'எனவே, ஆகவே, ஆதலால்', 'ஆனால், எனினும், ஆயினும்', 'போல, போன்று', 'என்று, என' ஆகியவற்றுள் எதனை ஓர் ஆசிரியர் விரும்புகிறார் என்பது 'வைல்', 'வைல்ஸ்ட்' வேறுபாட்டை ஒத்தது.

எழுத்துரு நிலையிலும் ஒரு முன்னீடு தேவை. ஒருங்குறியில் 'கொ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும், ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறியீடுகளாகவும் பதியலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் சொல் கணினிக்கு இரண்டாகிவிடும். இவ்வாறே வல்லொற்று மிகுதலும், சொற்களைச் சேர்த்தும் பிரித்தும் எழுதும் வழக்கும் பதிப்புக்குப் பதிப்பு மாறுகின்றன. ஓலைச்சுவடிகளில் சொற்களுக்கிடையே வெளியோ இன்றைய நிறுத்தக்குறிகளோ இல்லை. ஆகவே பழைய நூலில் தொடர் நீளத்தையும், இடைவெளிவழிச் சொல் நீளத்தையும் அளப்பவர் பதிப்பாசிரியரின் நடையையே அளந்தவராவர்.

யாப்பும் அளவும்

செய்யுளில் மேலும் இரு தடைகள் உள்ளன. முதலாவது யாப்பு. ஆசிரியப்பா பெரும்பாலும் ஏகாரத்தால் முடிவது மரபு. அவ்வீற்றேகாரம் புலவரின் தனித்தேர்வு அன்று, பாவகையின் தேவை. அதனை நீக்கிப் பாவினிடையே வரும் பிரிநிலை, தேற்ற ஏகாரங்களையும் 'மன்', 'கொல்' போன்றவற்றையும் எண்ணுதலே முறை. போர்க் கட்டுரையில் 'போர்' என்னும் சொல்லை விலக்கியமைக்கு இவ்விலக்கு நிகரானது.

இரண்டாவது தடை பாட்டின் சிறுமை. குறுந்தொகைப் பாக்களின் எல்லை 4 முதல் 8 அடி. ஈற்றயலடி முச்சீராய் வரும் நேரிசை ஆசிரியப்பாவில் 4 அடிக்கு 15 சீரும் 8 அடிக்கு 31 சீருமே அமையும். சீரும் சொல்லும் ஒன்றல்ல எனினும், அளவைக் காட்டும் பொருட்டு 31 சீரை 31 சொல்லாகக் கொண்டு முற்கூறிய கணக்கைச் செய்து பார்க்கலாம். ஆயிரத்துக்கு 3 முறை வரும் சொல் அப்பாட்டில் வாராதிருப்பதன் நிகழ்தகவு ஏறத்தாழ 0.91, ஆயிரத்துக்கு 0.2 முறை வரும் சொல்லுக்கு அது 0.99. விகிதம் 1.09 மட்டுமே. 2000 சொற்களில் 270 மடங்காக இருந்த சான்று ஒரு குறும்பாட்டில் ஏறத்தாழ இல்லாமற் போகிறது. ஒரு தனிப்பாட்டின் ஆசிரியரைச் சொல்லெண்ணிக்கையால் மட்டும் துணிதல் இயலாது என்பதை இக்கணக்கே காட்டும்.

ஒரு புலவரின் பாடல்களைத் தொகுத்து எண்ணுதல் இதற்கு மாற்றாகலாம். கபிலர் பெயரில் சங்க நூல்களில் 200-க்கும் மேற்பட்ட பாடல்கள் உள்ளன. ஆயினும் அவற்றுள் குறிஞ்சித்திணை மிகுதி. வேறு திணை பாடிய புலவரோடு அவரை ஒப்பிடின், வெளிப்படும் வேறுபாடு புலவரைச் சார்ந்ததா, திணையைச் சார்ந்ததா என அறிதல் அரிது. ஒரே திணைப் பாடல்களை எதிரெதிர் நிறுத்தியும், கபிலர் பாடல்களையே இரு கூறாக்கி அவை தம்முள் ஒத்துள்ளனவா எனச் சோதித்தும் இம்மயக்கத்தைக் குறைக்கலாம்.

ஔவையார் சிக்கல் வேறு வகையது. சங்கப் பாடல்களின் ஔவையாரும் ஆத்திசூடியின் ஔவையாரும் வேறானவர் என்பது அறிஞர் பலர் கொண்ட முடிவு. இரு தொகுதிகளையும் கணினியில் ஒப்பிடின் பெரும் வேறுபாடு கிட்டும் என்பதில் ஐயமில்லை. எனினும் அது காலத்தாலும் இலக்கிய வகையாலும் அமைந்த வேறுபாடாகவும் இருக்கலாம். சரியான முடிவுக்குத் தவறான சான்றைச் சேர்த்தல் ஆய்வுக்கு வலிமை ஆகாது.

ஃபெடரலிஸ்ட் ஆய்வின் நிலைமைகளுக்கு நெருங்கி வருவது இருபதாம் நூற்றாண்டுத் தொடக்க இதழியல் உரைநடை. பாரதியார் ஆசிரியப் பொறுப்பு வகித்து 1906-இல் சென்னையில் தொடங்கிய 'இந்தியா' முதலான இதழ்களில் பெயரின்றியும் புனைபெயரிலும் வெளிவந்த எழுத்துகள், ஒரே காலத்தில், ஒத்த பொருள் பற்றி, ஒத்த வாசகருக்காக எழுதப்பட்டவை. ஒப்பிடுதற்கு ஐயமற்ற உரைநடையும் உண்டு. ஒரு கட்டுரை பாரதியாருடையது எனச் சேர்க்கப்படுவதும் விலக்கப்படுவதும் அவர்தம் கருத்து வளர்ச்சி பற்றிய மதிப்பீட்டையே மாற்றக்கூடும். ஆதலின் இங்கு எண்ணிக்கைச் சான்றின் பயனும் பொறுப்பும் மிகப் பெரியன.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. தமிழ் நடையளவியலுக்கு உரிய அலகு இடைவெளியால் பிரிந்த சொல் அன்று. இலக்கணப் பொருளால் வகைப்படுத்திய இடைச்சொல்லும் மாற்றுவடிவத் தேர்வுமே ஆகும்.

2. யாப்பு, திணை, காலம், பதிப்பு ஆகியவற்றால் விளையும் வேறுபாடுகளை முதலில் நீக்கியோ சமன்செய்தோ ஆசிரியரின் வேறுபாட்டை நாடுதல் வேண்டும்.

3. ஆசிரியர் தெளிவாக அறியப்பட்ட நூல்களில் சோதித்து வெற்றி கண்ட முறையையே ஐயத்திற்குரிய நூலில் கையாளுதல் வேண்டும்.

4. இம்முறை அளிப்பது எடுத்துக்கொண்ட ஆசிரியர்களுக்கிடையிலான சாய்வின் அளவே. பட்டியலில் இடம்பெறாத மூன்றாமவரை அது சுட்டாது.

கணினி எத்துணை விரைவாக எண்ணினும், 'மரமும்' என்பதும் 'வரும்' என்பதும் வேறு என அதற்கு முதலில் கற்பிப்பது இலக்கண அறிவே. அப்பகுப்பைத் தமிழறிஞர் செய்து தரும் அளவிற்கே புள்ளியியல் தரும் சான்று தமிழாய்வில் நிலைபெறும்.