கில்டு லீடரும் வகுப்புத் தலைவரும்

ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருவர் ஏறத்தாழ ஐம்பது பேர் கொண்ட ஒரு குழுவை நடத்துகிறார். யாரைச் சேர்ப்பது, யாரை நீக்குவது, யாருக்குத் துணைப் பொறுப்புக் கொடுப்பது எல்லாம் அவர் கையில். வெளியூர்க்காரர்களும் கல்லூரி மாணவர்களும்கூட அவர் சொல்லுக்குக் கட்டுப்படுகிறார்கள். வகுப்பில் அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார்; எழுந்து வாசிக்கச் சொன்னால் தயங்குவார். அவரைத் தலைவராக்கியது நாம் அல்ல, கைபேசி விளையாட்டு.

ஃபிரீ ஃபயர் மேக்ஸ் விளையாட்டில் இத்தகைய குழுவுக்குக் கில்டு என்று பெயர். பிஜிஎம்ஐ விளையாட்டில் கிளான் என்கிறார்கள். விளையாட்டுக்கு உள்ளேயே குழுவினர் எழுதிப் பேசிக்கொள்ளலாம். ஆடும்போது ஒலிவாங்கியை இயக்கி வாயாலும் பேசலாம். அதற்கு வெளியே அதே குழுவுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கும். மாடரேட்டர் என்பவரைத் தமிழ் இணையத்தின் தொடக்ககாலத்தவர் மட்டுறுத்துநர் என்று அழைத்தார்கள். நம் மாணவர்களுக்கு அந்தச் சொல் தெரியாது. அவர்களுக்கு அவர் லீடர் அல்லது அட்மின். வேலை ஒன்றுதான்: குழுவில் பேச்சும் ஆட்டமும் வரம்பு மீறாமல் பார்த்துக்கொள்வது.

கைபேசி விளையாட்டு என்றதும் நாம் பேசுவது நேரம், கண், மதிப்பெண் இவற்றைப் பற்றி. பெற்றோர் கூட்டத்திலும் அதுவே. தேவையான பேச்சுதான். ஆனால் அந்தக் குழுக்களுக்குள் ஓர் ஆட்சி நடக்கிறது. விதி போடுகிறார்கள், தீர்ப்புச் சொல்கிறார்கள், ஊர்விலக்குப் போல ஒதுக்கிவைக்கிறார்கள். பதினான்கு வயதில் இவ்வளவு அதிகாரம் கையில் இருக்கிறது. அதை எப்படிக் கையாள்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை. ஏரல் பகுதியில் பணியாற்றும் நான் இதை இரண்டு பாடவேளைகளில் கற்பித்துப் பார்த்தேன். அந்த அனுபவம்தான் இக்கட்டுரை.

முதலில் சட்ட நிலை. பப்ஜி 2020 செப்டம்பரில் தடைசெய்யப்பட்டது. ஃபிரீ ஃபயர் 2022 பிப்ரவரியில் தடைசெய்யப்பட்டது. அதன் மேக்ஸ் வடிவம் தொடர்கிறது. பிஜிஎம்ஐ 2022 ஜூலையில் நீக்கப்பட்டு 2023 மே மாதம் திரும்பி வந்தது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டோர் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம்தான் ஆடலாம் என்ற வரம்பும் அதில் உண்டு. பெற்றோரின் பிறந்த ஆண்டைப் பதிந்துவிட்டால் அந்த வரம்பு இல்லை என்பதை மாணவர்களே சொல்வார்கள். பணம் கட்டி ஆடும் விளையாட்டு வேறு வகை. தமிழ்நாட்டில் அதற்கு 2022ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடைசெய்யும் மத்தியச் சட்டத்துக்கு 2025 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். நான் இங்கே பேசுவது பணம் வைக்காத, கூடி ஆடும் விளையாட்டுகளைப் பற்றி மட்டும்.

பாடத்தைத் தொடங்கும் முன் ஒரு வாரம் மாணவர்களிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன். "சார், அவன் என்னைக் கிக் பண்ணிட்டான்" என்பதுதான் அதிகம் வந்த புகார். கிக் என்றால் குழுவிலிருந்து நீக்குவது. ஏன் நீக்கினான் என்றால் பெரும்பாலும் காரணம் தெரியவில்லை. வாரப் புள்ளி குறைவு, தலைவர் கேட்ட நேரத்தில் வரவில்லை, கைபேசியில் சார்ஜ் தீர்ந்து பாதி ஆட்டத்தில் விட்டுப்போனது இப்படிச் சில. நீக்கப்பட்டவர் மறுநாள் வகுப்பில் தனியாக உட்காருகிறார். மதிய உணவில் இடம் மாறுகிறது. காரணம் புரியாமல் நாம் "ஏன்டா தள்ளி உட்கார்ந்திருக்க?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்று, நம் தென்மாவட்ட ஆசிரியர்கள் அவசியம் கவனிக்க வேண்டியது: குழுவின் பெயர். விளையாட்டில் பெயரை யாரும் தம் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம். ஊர்ப்பெயர், நடிகர் பெயர் போல, சாதியைக் குறிக்கும் அடைமொழிகளும் அங்கே வருகின்றன. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்த கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி அணிவதைத் தடுக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. கையில் கட்டும் கயிறு நம் கண்ணில் படும். குழுப் பெயரில் கட்டிய கயிறு படாது. அந்தப் பெயரோடு ஓர் அணி தோற்கும்போது எதிரணி ஒலிவாங்கியில் என்ன சொல்லும் என்பதை ஊகிப்பது கடினமல்ல. இரவு பத்து மணிக்குச் சொன்ன சொல் காலை ஒன்பது மணிக்குப் பள்ளி வாசலுக்கு வந்துவிடுகிறது.

முதல் பாடவேளையில் கைபேசியைப் பற்றிப் பேசவே இல்லை. தெருவில் ஆடும்போது சண்டை வந்தால் எப்படித் தீர்ப்பீர்கள் என்று கேட்டேன். பேச்சு களைகட்டியது. "அழுகுணி ஆட்டம் ஆடுனா அடுத்த ஆட்டத்துல சேக்க மாட்டோம்." எத்தனை ஆட்டம்? "ஒண்ணுதான் சார், அப்புறம் சேத்துக்குவோம்." அவுட்டா இல்லையா என்று சந்தேகம் வந்தால் மறுபடியும் பந்து போடுவது, திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவைக் கேட்பது, பந்துக்கு உரிமையாளன் கோபித்துக்கொண்டு போனால் சமாதானம் பேசக் கூட்டாளி ஒருவனை அனுப்புவது என்று வரிசையாக வந்தது. ஒரு மாணவி "ஒப்புக்குச் சப்பாணி" என்றார். ஆடத் தெரியாத தம்பி தங்கையையும் சேர்த்துக்கொள்வோம். அவர்கள் அவுட்டானாலும் கணக்கில்லை. கரும்பலகையில் அதைப் பெரிதாக எழுதினேன். பிறகு ஒரே கேள்வி: உங்கள் கில்டில் ஒப்புக்குச் சப்பாணி உண்டா?

வகுப்பு சற்று நேரம் அமைதியாக இருந்தது. புள்ளி குறைந்தவரை நீக்குவதுதான் அங்கே வழக்கம். தெருவில் எல்லாரும் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள், நாளையும் முகத்தைப் பார்த்தாக வேண்டும். அதனால் தண்டனை சிறியது, திரும்பி வரும் வழி திறந்தே இருந்தது. இணையத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் முடிந்தது. இந்த வேறுபாட்டை மாணவர்களே சொன்னார்கள். நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இரண்டாம் பாடவேளைக்குச் சமூக அறிவியலைத் துணைக்கு எடுத்துக்கொண்டேன். உள்ளாட்சி பற்றிக் கற்பிக்கும்போது முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைச் சொல்கிறோம். அவை கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. அவற்றுக்கும் நூறாண்டுக்கு மேல் முந்தியது, நம் மண்ணிலேயே இருப்பது, மானூர்க் கல்வெட்டு. திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் போகும் சாலையில் உள்ள அதே மானூர்தான். கி.பி. 800ஐ ஒட்டிய பாண்டியர் காலத்தது. ஊர்ச்சபையில் யார் உறுப்பினராகலாம், எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை அது வரையறுக்கிறது. அதில் ஒரு விதி மாணவர்களைச் சிரிக்க வைத்தது: சபையில் கொண்டுவரும் ஒவ்வொன்றுக்கும் "இல்லை, இல்லை" என்று மறித்துக்கொண்டே இருப்பவருக்கு 5 காசு தண்டம். அவருக்குத் துணை நிற்பவர்களுக்கும் அதே தண்டம்.

அந்தச் சபையைப் புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. நிலம் உடையவரும் வேதக் கல்வி உடையவரும்தான் அதில் இடம்பெற முடியும். மற்ற எல்லாரும் வெளியே. யார் உள்ளே யார் வெளியே என்பதை முதலில் கேட்க வேண்டும் என்று மாணவர்களிடம் சொன்னேன். ஆனால் துணை நிற்பவருக்கும் தண்டம் என்ற அந்தப் பகுதி இன்றைய குழுக்களுக்கு அப்படியே பொருந்துகிறது. ஒருவர் இழிவாக எழுதுகிறார். பத்துப் பேர் சிரிக்கும் பொம்மை போடுகிறார்கள். எழுதியவரை மட்டும் நீக்கிவிட்டால் அந்தப் பத்துப் பேரும் நல்லவர்களாகிவிடுகிறார்கள். "சிரிச்சவனுக்கும் உண்டு சார்" என்று அன்று வகுப்பே தீர்மானித்தது.

உலக அளவிலும் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் என்ற விளையாட்டை நடத்தும் ரயட் கேம்ஸ் நிறுவனம் 2011இல் ஒரு தீர்ப்பாயம் தொடங்கியது. புகாருக்கு உள்ளானவர் எழுதியவற்றை மற்ற ஆட்டக்காரர்களே படித்து, குற்றமா இல்லையா என்று வாக்களித்தார்கள். 2014இல் அது நிறுத்தப்பட்டது. ஆனால் அதிலிருந்து அவர்கள் கண்டறிந்த ஒன்று நமக்குப் பயன்படும்: வெறுமனே தடை செய்வதைவிட, நீ எழுதிய இந்த வரிக்காகத்தான் இந்தத் தண்டனை என்று எடுத்துக்காட்டியபோது திருந்தியவர்கள் அதிகம். விடைத்தாளில் மதிப்பெண்ணை மட்டும் போடாமல் எங்கே தவறு என்று குறித்துக் கொடுப்பதும் இதுதானே. எதிரணியோடு எழுதிப் பேசும் வசதியை, வேண்டுமானால் மட்டும் திறந்துகொள்ளலாம் என்று மாற்றியும் பார்த்தார்கள். பேச்சின் அளவு குறையவில்லை. வசைப்பேச்சு மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தது.

இதையெல்லாம் செய்து பார்க்க ஒரு களம் வேண்டும். துப்பாக்கி விளையாட்டைப் பள்ளிக்குள் கொண்டுவர முடியாது. எனக்கு விருப்பமும் இல்லை. 2022இல் மாமல்லபுரத்தில் நடந்த செஸ் ஒலிம்பியாடுக்குப் பிறகு நம் பள்ளிகளில் சதுரங்கப் பலகை புதிதல்ல. லிசெஸ் என்ற இணையதளம் 2010 முதல் இயங்குகிறது. கட்டணம் இல்லை, விளம்பரமும் இல்லை. குழு அமைக்கலாம், குழுத் தலைவர் உறுப்பினர்களைச் சேர்க்கலாம், நீக்கலாம், போட்டி நடத்தலாம். குழந்தைகளுக்கான அமைப்பைத் தெரிவு செய்தால் வெளியாருடன் பேச்சு முற்றிலும் அடைபட்டுவிடும். ஆசிரியர் தம் வகுப்பு மாணவர்களுக்குக் கணக்குகளை உருவாக்கித் தரும் வசதியும் உண்டு. ஹைடெக் ஆய்வகக் கணினிகளே போதும்.

பன்னிரண்டு பேருடன் ஒரு குழு தொடங்கினோம். தலைவர் பதவி மாதம் ஒருவருக்கு. துணைக்கு எப்போதும் ஒரு மாணவர், ஒரு மாணவி. முதலில் தலைவரானவர் இக்கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன அந்தக் கடைசி வரிசைக்காரர். ஞாயிறு மாலை வீட்டிலிருந்து ஆடும் போட்டியில் மூன்றாவது வாரமே வழக்கு வந்தது. வழக்கமாகத் தோற்கும் மாணவர் ஒருவர் தொடர்ந்து ஐந்து ஆட்டம் வென்றுவிட்டார். கணினியைக் கேட்டு ஆடினான், நீக்கு என்று திங்கட்கிழமை காலை எல்லாரும் தலைவரை நெருக்கினார்கள்.

அவர் நீக்கவில்லை. எழுதிவைத்த விதியைப் படித்தார்: புகார் கொடுத்தவர் எந்த ஆட்டம் என்று காட்ட வேண்டும், புகாருக்கு உள்ளானவர் பேச வேண்டும், புகார் கொடுத்தவர் தீர்ப்புச் சொல்லக் கூடாது. லிசெஸில் ஒவ்வொரு ஆட்டமும் பதிவாகியிருக்கும். நகர்வுகளைத் திரையில் போட்டுப் பார்த்தார்கள். கணினி ஆடியதாகத் தோன்றவில்லை, பிழைகள் இருந்தன. பிறகுதான் அந்த மாணவர் சொன்னார், சென்னையிலிருந்து ஊருக்கு வந்திருந்த அண்ணன் ஆடிக்கொடுத்தான் என்று. வேறொருவர் ஆடிக்கொடுக்கலாமா? அவர்கள் எழுதிய விதியில் அது இல்லை. விதியில் இல்லாததற்குத் தண்டிக்கலாமா என்று அரை மணி நேரம் விவாதித்தார்கள். அந்த ஐந்து ஆட்டங்களைக் கணக்கில் எடுப்பதில்லை, ஆளை நீக்குவதில்லை, புதிய விதி அடுத்த வாரம் முதல் என்று முடிவானது. ஒரு வருடம் குடிமையியல் நடத்தினாலும் இந்த விவாதம் வகுப்பில் கிடைத்திருக்காது.

செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு நடைமுறையாகச் சில. விதிகளை மாணவர்களே எழுதட்டும். ஏழெட்டுக்கு மேல் போனால் யாரும் படிப்பதில்லை. முதல் தவறுக்குத் தனியாக எச்சரிக்கை, அடுத்ததற்கு ஒரு வாரம் ஒதுக்கம், நீக்கம் கடைசியில் என்ற படிநிலை இருக்கட்டும். நீக்கப்பட்டவர் முறையிட மாணவர் அல்லாத ஒருவர் வேண்டும். குழுப் பெயரில் சாதி, மதம், கட்சி கிடையாது என்பது மட்டும் ஆசிரியர் போடும் விதி. அது விவாதத்துக்கு உரியதல்ல. மாணவர்களின் சொந்தக் கில்டுகளுக்குள் நாம் போய் உட்காரத் தேவையில்லை. போனால் அவர்கள் வேறு குழு தொடங்கிவிடுவார்கள். மாணவிகள் பலர் இந்த விளையாட்டுகளில் ஆண் பெயரில் ஆடுகிறார்கள் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏன் என்று வகுப்பில் எல்லார் முன்னும் கேட்காதீர்கள்.

சில வழக்குகள் மாணவத் தலைவரின் வரம்புக்குள் வராது. படம் அனுப்பச் சொல்லும் அந்நியர், டயமண்ட் தருகிறேன் என்று ஓடிபி கேட்பவர், நேரில் சந்திக்க அழைப்பவர், அடிப்பேன் வெட்டுவேன் என்னும் மிரட்டல். இவற்றில் ஒன்று வந்தாலும் அழிக்காமல் திரையைப் படமெடுத்து வைத்துக்கொண்டு உடனே பெரியவர் ஒருவரிடம் சொல்ல வேண்டும் என்பதை முதல் விதியாகவே எழுதச் செய்தேன். அப்படி அனுப்பப்பட்டது அந்தரங்கப் படமாக இருந்தால் அதை யாருக்கும் அனுப்பவோ எடுத்து வைக்கவோ கூடாது. கைபேசியை அப்படியே பெரியவரிடம் கொடுக்க வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வி உதவி எண் 14417, இணையவழிப் பண மோசடிக்கு 1930. ஆய்வகச் சுவரில் மூன்றையும் ஒட்டியிருக்கிறோம்.

எழுத்தில் நடக்கும் பேச்சுக்குச் சான்று இருக்கிறது. ஒலிவாங்கியில் சொன்னதற்கு இல்லை. "அவன் சொன்னான்", "நான் சொல்லலை" என்று இருவர் நின்றால் தலைவர் என்ன செய்வது என்று இம்மாதத் தலைவர் கேட்டிருக்கிறார். எட்டாவது விதிக்கான இடத்தை அவர்கள் காலியாக விட்டிருக்கிறார்கள். வரும் வெள்ளிக்கிழமை பேசப்போகிறோம்.