குழந்தைப் பொருள்களில் சிக்கனம்

இல்லத்தில் மகப்பேறு நெருங்கும்போது மகிழ்ச்சியோடு செலவும் வந்து சேர்கிறது. கடையில் கண்டவற்றையெல்லாம் கடன்பட்டு வாங்க வேண்டுவதில்லை. எப்பொருளாயினும், அது குழந்தையின் நலத்திற்கு இன்றியமையாததா, எத்தனை மாதம் பயன்படும், இரவலாகக் கிடைக்குமா என்று நாம் ஆராய்தல் வேண்டும்.

வாங்கத் தக்கவை: கொசுவலை, வெப்பமானி, பருத்தித் துணிகள். பலமுறை துவைத்துக் கஞ்சி நீங்கிய பருத்திச் சேலையின் மென்மையை நெசவாளராகிய நாம் நன்கறிவோம். அதனைக் கிழித்துத் தைத்தாலே அணையாடைகள் கிடைத்துவிடும்.

இரவல் பெறத் தக்கவை: தொட்டில், சட்டைகள். இவை சில மாதங்களுக்கே உதவும். அங்கத்தினர் குடும்பங்கள் இவற்றைத் தம்முள் மாற்றிக்கொள்ளலாம், அதுவும் கூட்டுறவே. ஆனால் தொட்டிலின் ஆணி, கயிறு, சட்டம் ஆகியவற்றைச் சோதித்த பின்னரே குழந்தையை இடுக.

தவிர்க்கத் தக்கவை: முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே அளிக்குமாறு உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆதலின் மருத்துவர் சொன்னாலன்றிப் பால்புட்டி வேண்டா. புட்டி விளம்பரத்தை நம் நாட்டின் 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது. குழந்தையை உள்ளே அமர்த்தி உருளவிடும் சக்கர வாக்கரும் வேண்டா. அது நடை பயிற்றுவதில்லை. கண்ணிமைக்கும் நேரத்தில் படிக்கட்டிற்கோ அடுப்பிற்கோ குழந்தையைக் கொண்டு சேர்த்துவிடும். கனடா நாடு 2004இல் அதன் விற்பனையையே தடை செய்தது. பச்சிளங் குழந்தைக்குத் தலையணையும் வேண்டா; மூச்சடைக்க இடமுண்டு.

இவ்வாறு மிச்சமாகும் பணம் தாயின் உணவில் பருப்பாகவும் முட்டையாகவும் கீரையாகவும் சேரட்டும். குழந்தைக்கென முதலில் வாங்க வேண்டியவை அவையே.