பெயரறிந்து உண்க

நுழையும்முன்

வேலியோரத்துச் செடியும் மருந்தாகும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். செடியைச் சரியாக இனங்காணும் அறிவே அம்மருத்துவத்தின் அடிப்படை. பெயர் பிழைத்தால் மருந்தே நஞ்சாகும் என்பதைச் சிறுநீரக மூலிகைகளின் வழியே விளக்குகிறது இப்பாடம்.

வெயிலும் நீரும்

கடலூர் மாவட்டம் நெய்வேலியில் 1957ஆம் ஆண்டு பழுப்பு நிலக்கரிச் சுரங்கப் பணி தொடங்கப்பெற்றது. திறந்தவெளிச் சுரங்கத்தில் கோடை வெயிலில் உழைப்போர் வியர்வையாக இழக்கும் நீர் மிகுதி. அவ்விழப்பை ஈடுசெய்யாவிடில் சிறுநீர் அடர்த்தியாகும். அதிலுள்ள உப்புகள் படிகங்களாகித் திரண்டு கற்களாகும். சிறுநீரகங்கள் நாள்தோறும் ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டி, ஒன்றரை லிட்டர் அளவையே சிறுநீராக வெளியேற்றுகின்றன. இப்பெரும்பணிக்கு முதல் துணை தண்ணீரே. மூலிகை அதற்கு அடுத்ததே.

காப்பும் மருந்தும்

நீர்ச்சுருக்கு, நீரடைப்பு, கல்லடைப்பு எனச் சிறுநீர் நோய்களைச் சித்த மருத்துவம் பகுத்துரைக்கிறது. இவற்றிற்கு நெருஞ்சில், சிறுபீளை, மூக்கிரட்டை, நீர்முள்ளி ஆகியவற்றைக் குடிநீராகக் காய்ச்சி வழங்குவர். போகியன்று வேப்பிலை, ஆவாரம்பூவுடன் வீட்டுக்கூரையில் காப்பாகக் கட்டப்படும் பொங்கல்பூவே சிறுபீளை. அள்ளூர் நன்முல்லையார் குறுந்தொகையில், முன்பு இனியவனாக இருந்து பின்பு இன்னா செய்த தலைவனுக்கு, கண்ணுக்கினிய மலரைக் காட்டிப் பின் முள்ளைத் தரும் நெருஞ்சியை உவமையாக்கினார். அம்முட்காயே மருந்தாகிறது.

ஒரு பெயர், பல செடிகள்

நெருஞ்சில் என்ற பெயரில் சிறுநெருஞ்சிலும் யானை நெருஞ்சிலும் உள்ளன. இவை வெவ்வேறு குடும்பத்தைச் சார்ந்தவை. தோற்ற ஒற்றுமையால் மூக்கிரட்டைக்கு மாற்றாகச் சாரணை சந்தையில் கலந்துவிடுவதுண்டு.

இத்தகைய மயக்கம் எத்துணைக் கொடியது என்பதைப் பெல்ஜியம் நாடு கண்டது. 1990களின் தொடக்கத்தில் அந்நாட்டின் பிரசெல்சு நகரில் உடல் எடை குறைக்க மூலிகை மருந்து உண்ட பெண்கள் பலர் சிறுநீரகங்களை இழந்தனர். ஒலியால் ஒத்த சீனப் பெயர்களால், ஒரு மூலிகைக்கு மாறாக அரிஸ்டோலோக்கியா இனச் செடி அம்மருந்தில் சேர்ந்திருந்தது. அவ்வினத்தின் நஞ்சு சிறுநீரகத்தைச் சிதைப்பதோடு சிறுநீர்ப்பாதையில் புற்றுநோயையும் உண்டாக்க வல்லது. நம் கரிசல் நிலங்களில் வளரும் ஆடுதீண்டாப்பாளையும் அதே இனமே. இயற்கையில் விளைந்தது என்பதாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது.

தெரிந்து தெளிவோம்

கல்லடைப்புக்கு உகந்தது எனக் கருதி வாழைத்தண்டுச் சாறு பருகுவோர் பலர். அதில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகம் செயலிழந்தவரின் உடல் அதனை வெளியேற்ற இயலாமையால், இதயத்துடிப்பே பாதிக்கப்படலாம். ஒருவருக்கு உணவாவது மற்றொருவருக்கு ஊறாகலாம்.

மருந்தின் நெறி

செடியை இனங்காணல், நோயை அறிதல், அளவை வரையறுத்தல் ஆகிய மூன்றும் கூடியதே மருத்துவம். சிறுநீரில் குருதி, காய்ச்சலுடன் இடுப்பு வலி, சிறுநீர் தடைப்படுதல், முகத்திலும் காலிலும் வீக்கம் ஆகியவை தோன்றின் கைமருந்தில் காலங்கடத்தாது மருத்துவரை நாடுதல் வேண்டும். உண்ணும் மூலிகையை அவரிடம் மறைத்தலும் ஆகாது. முன்னோர் விட்டுச்சென்றது செடிகளின் பட்டியல் மட்டுமன்று; அவற்றைப் பிரித்தறியும் நுட்பமுமாகும். அந்நுட்பத்தைக் காப்பதே மரபைக் காப்பதாகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் ஒரே பெயரால் வழங்கும் வெவ்வேறு செடிகளைப் பட்டியலிட்டு, அவற்றின் வேறுபாடுகளை எழுதுக.
2. ‘இயற்கையானவை யாவும் நன்மை தருபவையா?’ – வகுப்பறையில் கலந்துரையாடுக.