ஆடும் எஞ்சினுக்கு ஓர் எல்லை

கொட்டாஞ்சேனை,
ஞாயிறு இரவு

அன்பு மருமகளுக்கு,

இன்று வெள்ளவத்தையில் உன் கணினித் திரையில் எழும்பிய ரொக்கெட் அரை நிமிடத்தில் குத்துக்கரணம் அடித்ததே, பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதே யோசனைதான். ஓர்பிட்டர் என்ற அந்த விண்பறப்பு மென்பொருளைக் குறைசொல்லாதே. அதில் எஞ்சின் தானாக ஆடாது; உந்துவிசையின் திசையைக் கணத்துக்குக் கணம் நாம்தான் மாற்றிக் கொடுக்க வேண்டும். பிழை நீ எழுதிய புரோகிராமில்.

அம்மாவின் தும்புத்தடியை உள்ளங்கையில் நிமிர்த்தி நிறுத்திப் பார். தடி சாயும் பக்கமே கை ஓடும். ரொக்கெட்டிலும் அடிப்பாகத்தைத்தான் தள்ள வேண்டும். இந்தியாவின் பிஎஸ்எல்வி ரொக்கெட்டின் இரண்டாம் கட்டத்தில் இருப்பது விகாஸ் எஞ்சின். திருநெல்வேலிப் பக்கம் மகேந்திரகிரியில் எரித்துப் பார்ப்பார்களே, அதுதான். உந்துவிசை ஏறக்குறைய 80 தொன். அது 4 பாகை திரும்பினாலே ஐந்தரைத் தொன் பக்கவாட்டில் தள்ளும்.

நீயோ விசைப்பலகையைத் தொட்டதும் எஞ்சினை ஒரே தாவலில் 4 பாகைக்குத் திருப்பிவிடுகிறாய். உண்மையில் அவ்வளவு பாரத்தை எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஒரு தண்டு தள்ளவேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். ஆகவே ஒரு கணத்தில் எவ்வளவு திரும்பலாம் என்று வரம்பு வை. சாய்வை மட்டும் பார்த்துத் திருத்தாதே, சாயும் வேகத்தையும் கணக்கில் எடு. தும்புத்தடி நிமிர்ந்து முடியுமுன்பே கை நின்றுவிடுகிறது, கவனித்தாயா? (நடு அச்சில் சுழல்வதை ஒற்றை எஞ்சினால் அடக்க முடியாது. அதற்குத் தனியாகச் சின்ன உந்திகள் வேண்டும். அதைப் பிறகு பார்ப்போம்.)

இனி முக்கியமான விஷயம். சாய்வு கூடினால் உன் சூத்திரம் 9 பாகை கேட்கும். எஞ்சினால் முடிந்ததோ 4. கேட்டது எல்லையைத் தாண்டினால் 4இல் நிறுத்து என்று எழுதினாயா? இல்லை. சிரிக்காதே, பெரியவர்களுக்கும் அந்த இடம் சறுக்கியிருக்கிறது. 1993 செப்டெம்பர் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய முதல் பிஎஸ்எல்வி, இரண்டாம் கட்டம் பிரியும்போது ஆட்டம் கண்டது. அதைத் திருத்தப்போன கட்டளை வரம்பை மீறியது. வரம்பு மீறினால் மட்டுமே தலைகாட்டும் ஒரு மென்பொருள் பிழை அங்கே ஒளிந்திருந்தது. செய்மதியோடு ரொக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. அடுத்த பிஎஸ்எல்வி 1994 ஒக்டோபரில் சரியாகப் போய்ச் சேர்ந்தது.

நேராக ஏறும் ரொக்கெட்டை நூறு தரம் ஓடவிட்டாலும் இப்படிப்பட்ட பிழை அகப்படாது. நீயே வேண்டுமென்று அதை 20 பாகை சாய்த்துவிட்டு ஓடவிடு. எஞ்சின் 4இல் நிற்கிறதா என்று பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா