பெருநகரின் உஷ்ணமும் மக்களின் நல்வாழ்வும்

கொல்கத்தா மாநகரின் தென்பகுதியில் அமைந்துள்ள அலிப்பூர் வட்டாரத்தில் தேசிய நூலகம், மிருகக்காட்சிசாலை ஆகியவற்றுடன் இந்திய வானிலை இலாகாவின் பிராந்திய நிலையமும் இருக்கிறது. கொல்கத்தாவின் அன்றைய வெப்பநிலை எனப் பத்திரிகைகளும் வானொலியும் அறிவிப்பது பெரும்பாலும் அலிப்பூரில் எடுக்கப்படும் அளவேயாகும். 1864-ஆம் ஆண்டு அக்டோபரில் கல்கத்தாவைத் தாக்கிய கடும்புயலும், 1866, 1871 ஆகிய ஆண்டுகளில் பருவமழை பொய்த்ததும் 1875-இல் இவ்விலாகா தோன்றக் காரணமாயின. அதன் தலைமையிடமும் முதலில் கல்கத்தாவிலேயே இருந்தது.

2024-ஆம் ஆண்டு ஏப்ரல் 30 அன்று அலிப்பூரில் வெப்பநிலை 43 டிகிரி சென்டிகிரேடை எட்டியது. பருவநிலை மாற்றம் பற்றிய அரசுகளுக்கிடையிலான குழு 2021-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 1950 முதல் 2018 வரையிலான காலத்தில் கொல்கத்தாவின் வெப்பநிலை சுமார் 2.6 டிகிரி உயர்ந்துள்ளது. அக்குழு ஒப்பிட்டுக் காட்டிய உலகப் பெருநகரங்களுள் இதுவே மிக அதிகமாகும். பூமி முழுவதும் வெப்பமடைந்து வருவது இதற்கு ஒரு காரணம். நகரம் வளர்ந்த முறை மற்றொரு காரணம். பின்னது மக்களின் உடல்நலத்தையும் தொழிலையும் கல்வியையும் எவ்வாறு பாதிக்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

நகரம் ஏன் சூடேறுகிறது?

நாட்டுப்புறத்தைவிட நகரம் வெப்பமாக இருப்பதை முதன்முதலில் முறையாக ஆராய்ந்து எழுதியவர் லூக் ஹோவர்ட் என்னும் ஆங்கிலேயர். லண்டன் நகரின் சீதோஷ்ணத்தைப் பற்றி 1818-20 ஆண்டுகளில் அவர் வெளியிட்ட நூலில், இவ்வேறுபாடு இரவிலேயே மிகுதி என்பதைச் சுட்டிக்காட்டினார்.

இதன் காரணங்களை எளிதில் அறியலாம். முதலாவதாக, மண்ணிலும் இலைகளிலுமுள்ள ஈரம் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. குளத்தைத் தூர்த்து, மரத்தை வெட்டி, தரையைச் சிமெண்டால் மூடிவிட்டால் இக்குளிர்ச்சி இல்லாமற் போகிறது. இரண்டாவதாக, செங்கல், கான்கிரீட், தார் ஆகியவை பகலெல்லாம் வெப்பத்தைச் சேமித்து வைத்து இரவில் மெதுவாக வெளிவிடுகின்றன. மூன்றாவதாக, உயர்ந்த கட்டிடங்களுக்கு நடுவிலுள்ள குறுகிய தெருவில் அவ்வெப்பம் வானத்தை நோக்கிச் செல்ல வழியின்றிச் சுவர்களுக்கிடையே தங்குகிறது, காற்றோட்டமும் தடைப்படுகிறது.

நான்காவது காரணம் இயந்திரங்கள். குளிர்சாதனப் பொறி வெப்பத்தை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. அறையிலிருந்து 3 பங்கு வெப்பத்தை அகற்ற 1 பங்கு மின்சக்தி செலவாகுமாயின், மொத்தம் 4 பங்கு வெப்பம் வெளியே தெருவில் விடப்படுகிறது. ஒரு வீட்டுக்குச் சுகமளிக்கும் பொறி, அத்தெருவில் வசிப்பவர்க்கும் நடைபாதையில் உறங்குபவர்க்கும் சுமையாகிறது.

அறிவிக்கப்படும் அளவும் உண்மை நிலையும்

வானிலை நிலையத்தில் வெப்பமானி, நாற்புறமும் காற்றுப் புகும்படி சாய்சட்டங்கள் பொருத்திய வெண்ணிறப் பெட்டிக்குள், தரையிலிருந்து ஏறக்குறைய 4 அடி உயரத்தில் வைக்கப்படுகிறது. நேர்வெயில் அதன் மேல் படக்கூடாது. எல்லா ஊர்களின் அளவுகளையும் ஒப்பிட இவ்வொழுங்கு இன்றியமையாதது.

ஆயினும் அலிப்பூர் கொல்கத்தாவின் மரமடர்ந்த பகுதிகளுள் ஒன்று என்பதை மறத்தலாகாது. அங்கே நிழலில் எடுத்த அளவு, படாபஜாரின் நெருங்கிய சந்தில் மூட்டை சுமப்பவருடைய நிலையையோ, தகரக்கூரையின் கீழ் படிக்கும் சிறுவனுடைய நிலையையோ முற்றிலும் காட்டாது. சமவெளியில் வெப்பநிலை 40 டிகிரியை எட்டி, வழக்கத்தைவிட 4.5 டிகிரியேனும் மிகுந்தால் வானிலை இலாகா வெப்ப அலை எனக் கொள்கிறது. அந்த அளவுக்கு உயராத நாளிலும் ஒரு குடிசைக்குள் அபாயம் இருக்கக்கூடும். கள ஊழியர் இவ்வேறுபாட்டை நன்கு உணர்தல் வேண்டும்.

உடல்நலம்

உடலின் உள்வெப்பம் சுமார் 37 டிகிரி. தோலின் வெப்பம் சுமார் 35 டிகிரி. சுற்றியுள்ள காற்று இதைவிடச் சூடாகிவிட்டால், வியர்வை ஆவியாவது ஒன்றே உடல் குளிர்வதற்கு வழி. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தைக் கொண்டு செல்கிறது. கொல்கத்தாவைப் போன்று காற்றில் ஈரம் மிகுந்த ஊரில் வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடுகிறது; உடலில் நீர் குறைகிறதேயன்றிக் குளிர்ச்சி உண்டாவதில்லை. காற்று 40 டிகிரிக்கு மேற்பட்டால் மின்விசிறி மட்டும் போதாது. அது சூடான காற்றையே உடல்மேல் செலுத்தும். தோலை நனைத்துக்கொள்ளுதல் அவசியம்.

பகலில் களைத்த உடல் இரவில் தேறவேண்டும். சுவர்கள் இரவு முழுவதும் வெப்பத்தை உமிழும்போது அவ்வோய்வு கிடைப்பதில்லை. முதியோர், கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், இதய நோயாளிகள் ஆகியோரே முதலில் பாதிக்கப்படுகின்றனர். உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி அறிவு தடுமாறினால் அது வெப்பத்தாக்கு. உயிருக்கு ஆபத்தான நிலை. நோயாளியை உடனே நிழலுக்குக் கொண்டு சென்று, உடலை நீரால் நனைத்து விசிறி, தாமதமின்றி மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். நினைவிழந்தவருக்கு நீர் புகட்டலாகாது.

தொழில்

சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 2019-இல் வெளியிட்ட அறிக்கை, வெப்பத்தின் காரணமாக இந்தியாவின் மொத்த வேலை நேரத்தில் 5.8 சதவீதம் 2030-இல் இழக்கப்படும் என மதிப்பிட்டுள்ளது. இது 3 கோடியே 40 லட்சம் முழுநேர வேலைகளுக்குச் சமம். மாதச் சம்பளம் பெறுவோர் விசிறியின் கீழ் அமர்ந்து பணிபுரிகின்றனர். நாட்கூலி பெறும் கட்டிடத் தொழிலாளியோ, நண்பகலில் ஓய்ந்தால் கூலியை இழக்கிறார், ஓயாவிட்டால் உடல்நலத்தை இழக்கிறார். வேலையை அதிகாலையிலும் மாலையிலும் வகுப்பதும், நிழலும் குடிநீரும் அளிப்பதும், ஓய்வு நேரத்துக்குக் கூலி பிடிக்காதிருப்பதும் இதற்குப் பரிகாரமாகும்.

கல்வி

மேற்கு வங்கத்தில் வெப்பத்தை முன்னிட்டு 2022-இல் கோடை விடுமுறை மே 2 முதலே தொடங்கப்பட்டது. 2023-இல் ஏப்ரல் 17 முதல் ஒரு வாரம் கல்வி நிலையங்கள் மூடப்பட்டன. 2024-இல் சமவெளி மாவட்டங்களில் விடுமுறை ஏப்ரல் 22-க்கு முன்தள்ளப்பட்டது. குழந்தைகளைக் காக்க இது உதவுகிறது. ஆயினும், உயர்ந்த கூரையுள்ள பள்ளியை விட்டு தகரக்கூரை வீட்டுக்குத் திரும்பும் மாணவன் இன்னும் அதிக வெப்பத்தில் பகலைக் கழிக்க நேரும். பாடத்துடன் மதிய உணவும் தடைப்படுகிறது. கைப்பேசி வாயிலாகப் பாடம் நடத்தினாலும், கருவியும் இணைய வசதியும் உள்ளவர்க்கே அது பயன்படும். ஆகவே, பள்ளியை மூடுவதற்கு முன், காலை நேர வகுப்பு, கூரைக்கு வெள்ளையடித்தல், முற்றத்தில் நிழல்மரம் ஆகியவற்றையும் ஆராய்தல் நலம்.

செய்யத்தக்கவை

2010-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஆமதாபாத்தில் நேர்ந்த வெப்ப அலையின்போது வழக்கத்தைவிட 1,344 மரணங்கள் அதிகமாக நிகழ்ந்தன என ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டனர். அந்நகராட்சி 2013-இல் ஒரு வெப்பத் தடுப்புத் திட்டத்தை வகுத்தது. முன்னெச்சரிக்கையைப் பொதுமக்களுக்கு அறிவித்தல், மருத்துவ ஊழியர்களைப் பயிற்றுவித்தல், குடிநீர் வழங்குதல் ஆகியவை அதன் கூறுகள். இவற்றுள் எதற்கும் விலையுயர்ந்த இயந்திரம் தேவைப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது. கொல்கத்தாவுக்குக் கிழக்கே 12,500 ஹெக்டேர் பரப்புள்ள சதுப்புநிலம், 2002-இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் நிலமாக அறிவிக்கப்பட்டது. அதுபோன்ற நீர்நிலைகளைக் காப்பதும் நகரத்தைக் குளிர்விக்கும் பணியேயாகும்.

செயற்பயிற்சி

ஆசிரியர்கள் மாணவர்களைக் கொண்டு பின்வரும் சோதனையை நடத்தலாம். மூன்று சாதாரண வெப்பமானிகளை முதலில் ஒரே வாளி நீரில் வைத்து, அவை ஒரே அளவைக் காட்டுகின்றனவா எனப் பார்க்கவும். வேறுபாடு இருப்பின் குறித்துக்கொள்ளவும். பின்னர் ஒன்றை மரநிழலிலும், ஒன்றை வகுப்பறையிலும், ஒன்றை ஒரு தகரக்கூரை வீட்டினுள்ளும் 4 அடி உயரத்தில், நேர்வெயில் படாதவாறு தொங்கவிடவும். பிற்பகல் 2 மணிக்கும் இரவு 8 மணிக்கும் ஒரு வாரம் அளவெடுத்து, அன்றன்று வானிலை நிலையம் அறிவிக்கும் உச்ச வெப்பநிலையுடன் சேர்த்துப் பட்டியலிடவும். தெருவில் எந்த வீட்டாருக்கு முதலில் எச்சரிக்கை செய்யவேண்டும் என்பதை அப்பட்டியல் காட்டிவிடும். கள ஊழியர் அதன் ஒரு பிரதியைச் சுகாதார நிலையத்தில் சேர்ப்பிப்பாராக.

வினாக்கள்

1. காற்றில் ஈரம் மிகுந்த நாளில் வியர்வை உடலைக் குளிர்விக்காதது ஏன்?
2. குளிர்சாதனப் பொறி தெருவின் வெப்பத்தை மிகுவிப்பது எவ்வாறு?
3. உங்கள் ஊரில் நண்பகலில் வெயிலில் உழைக்கும் தொழில்கள் யாவை? அவற்றின் நேரத்தை எங்ஙனம் மாற்றி அமைக்கலாம்?