சிங்கத்தின் கண்ணீர்

தியான வேதபகுதி: யோவான் 11:32-36, வெளிப்படுத்தல் 5:5, 6



என் ஞாயிறு பள்ளி வகுப்பில் ஒரு தம்பி உண்டு. அவனுடைய தாயாருக்காகச் சபையாக உபவாசித்து ஜெபித்தோம். ஆனாலும் அந்தச் சகோதரி கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். சில மாதங்கள் கழித்து, அவன் கையில் சி. எஸ். லூயிஸ் எழுதிய நார்னியா கதைப் புத்தகம் ஒன்றைப் பார்த்தேன். "சூனியக்காரி கதையெல்லாம் எதுக்குப்பா? வேதத்தை வாசி" என்று கடிந்துகொண்டேன். அவன், "அண்ணா, இதுல வர்ற பையனோட அம்மாவுக்கும் சுகமில்ல. நீங்க வாசிச்சிருக்கீங்களா?" என்று கேட்டான்.

நான் வாசித்ததில்லை. வெட்கமாய்ப் போயிற்று. புத்தகத்தை வாங்கிப்போய் வாசித்தேன். எழுதினவரைக் குறித்தும் படித்தேன். கற்றுக்கொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

1. ஒரு சிறுவனின் ஜெபம்

லூயிஸ் 1898-ல் அயர்லாந்தின் பெல்பாஸ்ட் பட்டணத்தில் பிறந்தவர். 1908-ல் அவருடைய தாயார் புற்றுநோயால் படுக்கையில் விழுந்தார்கள். ஒன்பது வயதுப் பிள்ளை சுகத்துக்காக ஜெபித்தான். தாய் மரித்த பிறகும் அற்புதம் நடக்கும் என்று எதிர்பார்த்தான். நடக்கவில்லை. அன்றைக்கே அவன் விசுவாசத்தை விட்டுவிடவில்லை. ஆனால் சில வருஷங்களில், விடுதிப் பள்ளியில் படிக்கும் நாட்களில், தேவனே இல்லை என்கிற நிலைக்கு வந்துவிட்டான்.

2. ரயில் நிலையத்தில் கிடைத்த விதை

1916 மார்ச் மாதம், இங்கிலாந்தின் லெதர்ஹெட் ரயில் நிலையத்துப் புத்தகக் கடையில் அந்த வாலிபன் ஒரு பழைய கதைப் புத்தகத்தை வாங்கினான். பேன்டஸ்டிஸ் என்பது அதன் பெயர். எழுதினவர் ஸ்காட்லாந்து தேசத்துப் பிரசங்கியாரான ஜார்ஜ் மெக்டொனால்ட். அந்தக் கதையில் ஒரு பரிசுத்தம் இருப்பதை அவிசுவாசியான வாலிபன் உணர்ந்தான். தன்னுடைய கற்பனை அன்றைக்கு ஞானஸ்நானம் பெற்றது என்று பிற்காலத்தில் சாட்சி எழுதினார்.

விதை முளைக்கப் பதினைந்து வருஷம் ஆயிற்று! 1931 செப்டம்பரில் ஓர் இரவு, ஆக்ஸ்போர்டில் டோல்கீன், ஹ்யூகோ டைசன் என்னும் இரண்டு நண்பர்கள் நள்ளிரவு தாண்டியும் அவரோடு பேசினார்கள். மரித்து எழும் தெய்வங்களைப் பற்றிய பழங்கதைகள் லூயிஸின் மனதைத் தொடும். "அப்படியானால், மெய்யாகவே நடந்தது கிறிஸ்துவின் சரித்திரம்தான்" என்பதே அவர்கள் சொன்னதின் சாரம். சில நாட்களுக்குப் பின், அண்ணன் ஓட்டிய மோட்டார் சைக்கிளின் பக்கவண்டியில் ஒரு மிருகக்காட்சி சாலைக்குப் போனார். போய்ச் சேர்ந்தபோது, இயேசு தேவகுமாரன் என்று விசுவாசித்திருந்தார். அல்லேலூயா!

3. சிங்கம் வந்த விதம்

பனி பெய்யும் காட்டில், பாதி மனிதனும் பாதி ஆடுமான ஒருவன் குடை பிடித்து, பொட்டலங்களோடு நடக்கிறான். இந்தக் காட்சி பதினாறு வயதிலிருந்தே லூயிஸின் மனதில் இருந்ததாம். 1939-ல் யுத்தத்துக்குத் தப்பி லண்டனிலிருந்து வந்த பிள்ளைகள் அவர் வீட்டில் தங்கினார்கள். பிற்பாடு கதையை எழுதியபோது ஒரு சிங்கம் அதற்குள் வந்தது. பெயர் அஸ்லான், துருக்கி மொழியில் சிங்கம் என்று அர்த்தம். யூதா கோத்திரத்துச் சிங்கத்தையே மனதில் வைத்திருந்ததாக அவர் எழுதியிருக்கிறார். 1950 முதல் 1956 வரை ஏழு புத்தகங்கள் வெளிவந்தன.

கிரேக்கக் கதைகள், ஈ. நெஸ்பிட் எழுதிய சிறுவர் கதைகள், மில்டனுடைய காவியம் இவைகளின் சாயலும் அதில் உண்டு. ஆகவே எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்க வேண்டும் (1 தெசலோனிக்கேயர் 5:21). கதை வேதத்துக்கு ஈடாகாது. ஆனால் கதை என்றாலே பிசாசின் காரியம் என்றும் சொல்லக்கூடாது. யோதாமின் உவமையில் மரங்கள் பேசவில்லையா (நியாயாதிபதிகள் 9)? தாவீதின் இருதயத்தை நாத்தான் ஓர் ஆட்டுக்குட்டியின் கதையால்தானே உடைத்தார் (2 சாமுவேல் 12)?

4. சிங்கத்தின் கண்ணீர்

அந்தத் தம்பி வைத்திருந்தது 1955-ல் வெளிவந்த ஆறாம் புத்தகம். திகரி என்னும் சிறுவன், தாயைச் சுகமாக்கும்படி அஸ்லானிடம் கெஞ்சுகிறான். நிமிர்ந்து பார்த்தால், சிங்கத்தின் கண்களில் தன்னுடையதைவிடப் பெரிய கண்ணீர்த்துளிகள்! பிறகு, ஒரு தோட்டத்துக் கனியைத் திருடிக்கொண்டுபோய்த் தாயைப் பிழைக்க வை என்று சூனியக்காரி சோதிக்கிறாள். ஏதேனில் நடந்த சோதனைதான் இது. பையன் கீழ்ப்படிகிறான். கடைசியில் அஸ்லானே ஒரு கனியைக் கொடுக்க, தாய் பிழைக்கிறாள்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது தம்பி கேட்டான்: "அந்த அம்மா பொழச்சிட்டாங்க. எங்க அம்மா ஏன் பொழைக்கல அண்ணா?" என்னிடத்தில் பதில் இல்லை. "இதை எழுதினவரோட அம்மாவும் பொழைக்கலப்பா" என்று மட்டும் சொன்னேன். அவன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு இருவரும் யோவான் 11-ஐ வாசித்தோம். லாசருவை எழுப்பப்போகிறோம் என்று அறிந்திருந்தும், நம்முடைய ஆண்டவர் மரியாளோடு நின்று கண்ணீர் விட்டார்.

பிரியமானவர்களே, ஜெபம் கேட்கப்படாததுபோல் தோன்றும் வீட்டில் விசுவாசக்குறைவைத் தேடாதிருப்போம். சுகமளிக்கிற தேவனை நம்பி ஜெபிப்போம். சுகம் வராத வீட்டில் உட்கார்ந்து அழுவோம். ஜெயங்கொண்ட சிங்கத்தைப் பார்க்கத் திரும்பிய யோவான் கண்டது, அடிக்கப்பட்ட ஆட்டுக்குட்டியை அல்லவா?

ஜெபம்: கண்ணீர் விட்ட ஆண்டவரே, எங்கள் பிள்ளைகளின் கேள்விகளை அதட்டி அடக்காமல், அவர்களோடு உம்முடைய பாதத்தில் உட்கார எங்களுக்குக் கிருபை தாரும். ஆமென்.